பெற்றவள் பார்க்கக் கூடாத பாவாடை

ஆம்பூரில் நர்ஸாக இருந்தபோது, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை சுகாதாரப் பாடமும் எடுப்பேன். பேன், நகம், பல் பற்றிப் பேசலாம். "கழுத்துக்குக் கீழ போகாதீங்க நர்சம்மா, பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க" என்று தலைமையாசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரியவளாவது என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். ஆனதும் படிப்பை நிறுத்திவிடுவார்கள். இது என்ன நியாயமோ!

அப்படித்தான் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தி திடீரென்று வரவில்லை. விசாரித்தால், வயதுக்கு வந்துவிட்டாளாம். தண்ணீர் ஊற்றிய கையோடு அத்தை மகனுக்குக் கட்டிவைக்கப் போகிறார்களாம். போன மாதம்தான் அவள் வாயைத் திறந்து பார்த்தேன், பால் பல்லே இன்னும் விழுந்து தீரவில்லை.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பவள். வீட்டோரம் பச்சை ஓலையில் குடிசை போட்டு, பிள்ளையை உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். அம்மா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஊற்றும்வரை பெற்றவள் பிள்ளை முகத்தையும் பார்க்கக் கூடாது, கறைபட்ட துணியையும் பார்க்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம். கறையைப் பார்த்தது, ஊரைக் கூட்டிச் சொன்னது எல்லாம் அத்தைதான். மாப்பிள்ளையைப் பெற்ற அதே அத்தை.

"நர்சுக்குத் தீட்டு கெடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன். பிள்ளை உளுந்தங்களி தின்றுகொண்டிருந்தாள்.

"வயிறு வலிச்சுதா கண்ணு?"

"இல்ல நர்சம்மா."

"மறுபடி துணியில ஏதாச்சும் பட்டுச்சா?"

"இல்ல. அன்னிக்கு மட்டும்தான். அத்த பாத்துட்டு கத்துச்சு. இன்னான்னு கேட்டேன், வாய மூடுன்னாங்க."

"அன்னிக்கு எங்க ஒக்காந்திருந்த?"

"அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கினு போனேன். பட்ட மூட்ட மேல ஒக்காந்தேன். ஈரமா இருந்துச்சு."

அடக் கடவுளே! தோலையே சிவக்கவைக்கும் பட்டை, துணியை விடுமா? வண்ணாத்திக்காக மூலையில் சுருட்டிவைத்திருந்த பாவாடையை எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போனேன்.

"ஐயையோ, அவ பாக்கக் கூடாது!" என்று அத்தை மறித்தாள்.

"பாக்கட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது" என்று பாவாடையை அம்மா மடியில் போட்டேன்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூக்கை என்ன செய்வாள்? மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"இது பட்டச் சாயம் நர்சம்மா. எம்பொடவையெல்லாம் இப்டித்தானே கெடக்குது!"

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. "தாம்பூலம் மாத்தியாச்சு. இப்ப இல்லன்னா மானம் போய்டும். என்னிக்காவது ஆகப்போறவதானே? இப்டியே முடிச்சிடலாம்."

அம்மா எழுந்தாள். குடிசையின் ஓலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தாள்.

"போனா எம்மானம் போவட்டும் அண்ணி. எம்பொண்ணு எதுக்குப் போவணும்? அவ பள்ளிக்கூடம் போவட்டும்."

அவள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நெஜமாவே வந்தா இன்னா ஆவும், இன்னா பண்ணணும்னு இவளுக்குச் சொல்லிக் குடுங்க."

பிள்ளையை எதிரில் உட்காரவைத்து ஆரம்பித்தேன். அம்மா வேலையைப் பார்க்கப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மகளை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் கேக்குறேன் நர்சம்மா. நாலு புள்ள பெத்துட்டேன். இது ஏன் வருதுன்னு எனக்கும் யாரும் சொன்னதில்ல."