வாசலில் கட்டிய பூண்டு

"எந்த ஊரு மேடம்?" என்று தலையைத் திருப்பாமலே கேட்பார் நோங் தேர்யோ. கேட்கும்போதே கிக்கரை உதைத்திருப்பார். பதில் வருவதற்குள் பச்சை டிரைசிகிள் விமான நிலைய வாசலைத் தாண்டியிருக்கும். இனி இறங்கி ஓட வழியில்லை என்று உறுதியான பிறகுதான், பைக்கோடு பூட்டிய பக்கப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார். மணிலா என்று பதில் வந்தால் நாக்கால் உதட்டை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார்.

"நல்ல சதைப்பிடிப்பாத்தான் இருக்கீங்க."

ஐம்பத்தெட்டு வயது. முழுப் பெயர் எலியுதேரியோ பகாந்தோ. அண்ணன் என்ற மரியாதையில் ஊரே நோங் தேர்யோ என்று கூப்பிடுகிறது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சிப்பி ஓட்டைச் செருகலாம், அவ்வளவு இடைவெளி. அதன் வழியாகச் சிரிப்பு விசிலாக வரும். வண்டிக்கு ஹார்ன் என்று சேவல் கூவும் சத்தம் வைத்திருக்கிறார். நடுப்பகலில் கத்தீட்ரல் முன்னால் அது கூவினால் பூசைக்குப் போகிற பெண்கள் திட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு திட்டினாலும் தாலாட்டு மாதிரிதான் இருக்கும். அதனால் அவர் இன்னொரு முறை அழுத்துவார்.

எங்கள் ரோஹாஸ் நகரத்துக்காரர் யாரும் வெளியூரில் தன் ஊரைச் சொல்லிவிட்டு நிம்மதியாக நின்றதில்லை. "கப்பிஸ் மாகாணமா?" என்று கேட்பார்கள். அப்புறம் ஒரு அடி தள்ளி நிற்பார்கள். நாட்டிலுள்ள அஸ்வாங்குகள் அத்தனையும் எங்கள் மண்ணில்தான் குடியிருக்கின்றன என்பது ஏழாயிரம் தீவுக்கும் தெரிந்த சேதி. பகலில் மனுஷராக நடமாடி, இருட்டியதும் சிறகு முளைத்து, கூரைமேல் இறங்கி, தூங்குகிறவர்களின் ஈரலைத் தின்கிற ரத்தக்காட்டேரிகள். பூண்டும் உப்பும் கண்டால் ஓடிவிடுமாம். இங்கே காலை உணவே பூண்டுச் சோறும் உப்புக் கருவாடும்தான் என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தேர்யோவுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியாது. எப்போதும் அவர்தான் முந்திக்கொள்வார். நெஜமாவே இருக்கா என்று பயணி இழுத்தால், "இருந்தாங்க. பாதிப் பேரு துபாய்க்கு வேலைக்குப் போயிட்டாங்க. மிச்சப் பேருக்கு வயசாச்சு, பறந்தா மூட்டு வலிக்குதுன்னு நடந்தே போறாங்க" என்பார். பயணி சிரித்துவிட்டால் அடுத்தது ஊர்ப் பெருமை. அதற்காகவே நேர்வழியை விட்டுவிட்டு ஆற்றுப் பாலத்தின் வழியாகச் சுற்றுவார். சுற்றியதற்கு ஒரு பெஸோ கூடக் கேட்கமாட்டார்.

"கண்ணாடி வர்றதுக்கு முன்னாடி இந்த நாடு முழுக்க ஜன்னலுக்கு எங்க கடல் சிப்பிதான் சார். மழை உள்ள வராது, வெளிச்சம் வரும். மணிலாவுல பெரிய பெரிய பங்களா எல்லாம் எங்க சிப்பி வழியாத்தான் விடியிறதைப் பாத்துச்சு." இங்கே பிறந்து நாட்டுக்கே தலைவரானவர் பெயரை ஊருக்கு வைத்தார்கள் என்பார், ஆனால் தன் அம்மா சாகும்வரை பழைய பெயரில் கப்பிஸ் என்றுதான் சொன்னாள் என்பார். பக்கத்து ஊரான பனாயில், ஜனங்கள் கொண்டுவந்து கொட்டிய எழுபது மூட்டை நாணயத்தை உருக்கி வார்த்த மணி தொங்குகிறது. அதை நேற்று தானே கூட நின்று ஊற்றியது போலச் சொல்வார். கடைசியில் பாய்பாய் கடற்கரையில், சிப்பி வேகும் வாடை வரும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்:

"இதெல்லாம் இருக்கும்போது மனுச ஈரல் எவனுக்கு வேணும், சொல்லுங்க?"

இந்த வாய்தான் போன மே மாதம் மகளின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

மகள் லெய்சல் லூசோன் தீவில், பத்தாங்காஸ் பக்கம் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். கப்பிஸ்காரிக்கு ரத்தம் எடுக்கிற வேலை! கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா? அங்கே காய்ச்சலோடு வந்து கையை நீட்டியவன்தான் ஜெரிக்கோ. காய்ச்சல் போன பிறகும் மூன்று தடவை பரிசோதனைக்கு வந்தான். நாலாம் தடவை அவளே விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் படியேறி வந்து முறையாகக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் எங்களில் கல்யாணப் பேச்சே. ஜெரிக்கோ முன்னதாகவே வந்து கடற்கரை விடுதியில் தங்கியிருந்தான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா பெர்பெத்துவா மக்சினோ மட்டும் மாலை விமானத்தில் வருவதாக ஏற்பாடு. ஆனால் அந்த அம்மாள், இருட்டிய பிறகு அந்த ஊரில் கால் வைக்கக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலை விமானத்துக்கு மாற்றிக்கொண்டார். மகனிடம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லை.

தேர்யோ படத்தில் பார்த்த சம்பந்தியம்மாள் உயரக் கொண்டை போட்டவர். விமான நிலையத்தில் ஏறியவரோ கருப்புக் கண்ணாடி போட்டு, தலையில் துண்டு சுற்றி, கைப்பையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்திருந்தார். ஊர் கேட்டதற்கு மணிலா என்று மட்டும் சொன்னார். பையிலிருந்து பூண்டு வாடை வந்தது. தேர்யோவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. மகளைப் பெண் கேட்டு வருகிற சந்தோஷம் வேறு உள்ளே பொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமான சரக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டார். அந்த அம்மாள் ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களைப் பாலத்துக்குக் கூட்டிப்போய்ச் சிப்பி ஜன்னல் கதை சொல்லிச் சமாதானப்படுத்துவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு அதையும் மறந்து நேரே கடற்கரை விடுதி வாசலில் கொண்டுபோய் இறக்கினார்.

"மாடி ரூமா மேடம்? ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத் தூங்குங்க. எங்களுக்கு... உங்களுக்குக் காத்து நல்லா வரும்."

சேவல் கூவ வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் லெய்சல் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, நேத்துக் காலையில ஏர்போர்ட்ல யாரை ஏத்துனீங்க?"

"யாரோ கருப்புக் கண்ணாடி போட்ட பொம்பளை. சரியான பயந்தாங்கொள்ளி."

"சேவல் மாதிரி கூவுற ஹார்னாம்."

துடைத்த துணி அவர் கையிலேயே நின்றது. உள்ளேயிருந்து மனைவி செந்தாவின் குரல் வந்தது: "யோவ், இந்த ஊர்ல சேவல் ஹார்ன் வெச்ச வண்டி எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதான்" என்றார் தேர்யோ.

"ஜெரிக்கோவோட அம்மா ராத்திரி பூரா கட்டிலைச் சுத்தி உப்பைக் கொட்டிட்டு உக்காந்தே இருந்திருக்காங்கப்பா. இந்தச் சம்பந்தமே வேணாம்னு சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் போட்டுட்டாங்க. ஜெரிக்கோ கெஞ்சிக் கூத்தாடி, மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் இங்க வர ஒத்துக்க வெச்சிருக்கான். ஒரே ஒரு மணி நேரம். நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதும்."

அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பார். கெஞ்சிச் சொன்னதுதான் அவருக்கு வலித்தது. சும்மா இருக்கவும் முடியவில்லை. செந்தா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்த பூண்டு முழுவதையும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதையும் சேர்த்துச் சரமாகக் கோத்து, வாசல் நிலையில் கட்டினார். இத்தனை பூண்டுக்குக் கீழே புழங்குகிறவர்களைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும் என்பது அவர் கணக்கு.

மத்தியானம் வந்தார் பெர்பெத்துவா அம்மாள். கொண்டை படத்தில் இருந்தது போலவே உயரமாக இருந்தது. தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் நின்ற தேர்யோவை முதல் படியிலேயே அடையாளம் கண்டுகொண்டார். அடுத்து வாசலை அண்ணாந்து பார்த்தார்.

"இது எதுக்கு? நாங்க உள்ள வரக்கூடாதுன்னா?" பத்தாங்காஸ்காரர்களுக்குச் சாதாரணப் பேச்சே தெருமுனைவரை கேட்கும். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"ஐயோ, இல்ல சம்பந்தியம்மா, நீங்க பயப்படாம வரணும்னு..."

லெய்சல் அவர் முழங்கையைக் கிள்ளினாள். ஜெரிக்கோ அம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினான்.

மேசையில் வாளி நிறைய வெந்த சிப்பி, வறுத்த இறால், பொரித்த மீன். பெர்பெத்துவா எதையும் தொடவில்லை. மடியில் பை, பையின்மேல் இரண்டு கை. செந்தா கெஞ்சியதற்காக ஒரு சிப்பியை எடுத்து, தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடியில் தோய்த்தார். வாயருகே கொண்டுபோனவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"காடியில பூண்டே போடலையே?"

செந்தாவின் முகம் வெளுத்தது. பூண்டு போடாத காடி எங்கள் ஊரில் எந்த வீட்டு மேசையிலும் ஏறாது. "வீட்ல இருந்ததெல்லாம்..." என்று வாசலைக் காட்டினாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெர்பெத்துவா மகனைப் பார்த்து, "போலாம்ப்பா" என்று எழுந்துவிட்டார்.

தேர்யோவின் வாயில் நாலு வேடிக்கைப் பேச்சு வந்து முட்டியது. எப்போதும் அப்படித்தான், பயம் வந்தால் அவருக்குப் பேச்சு வரும். மகளின் முகத்தைப் பார்த்தார். நாலையும் விழுங்கினார்.

"ஒரே ஒரு விஷயம் சொல்லிடுறேன். அப்புறம் நானே உங்களை விமானத்துல ஏத்தி விடுறேன். ஹார்ன் அடிக்க மாட்டேன்" என்றார். அவர் குரல் இப்படித் தணிந்து வீட்டில் யாரும் கேட்டதில்லை. "இருவது வயசுல மணிலாவுக்குக் கட்டட வேலைக்குப் போனேன். பன்னெண்டு பேருக்கு ஒரே கொட்டகை. முதல் நாள் சாப்பிடும்போது எந்த ஊருன்னு கேட்டாங்க. சொன்னேன். மறுநாள் வேலை முடிஞ்சு வந்து பாத்தா, என் பாய் வெளிய கெடக்கு. வாசல்ல பூண்டு தொங்குது. எனக்குன்னு கட்டினது. நான் கும்புடுற சாமியைத்தான் அவங்களும் கும்புட்டாங்க. நாலு மாசம் சிமெண்டு மூட்டை மேல படுத்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல நானே கேட்டேன், 'இன்னைக்கு யாரோட ஈரல்?'னு. அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. அன்னைக்கே பாயை உள்ள போட விட்டாங்க. அதுலேர்ந்து, யாரும் கேக்குறதுக்கு முன்னாடி நானே கேட்டுடுறது."

அவர் வாசலைப் பார்த்தார்.

"எம் பொண்ணு போற வீட்டு வாசல்ல அது தொங்கக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு என் வீட்டு வாசல்ல நானே கட்டிட்டேன், பாத்தீங்களா? உங்களை பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க. அவ நல்ல பொண்ணு. என்னை மாதிரி வாயாடி இல்ல."

ஜெரிக்கோ லெய்சல் பக்கம் போய் நின்றுகொண்டான். பெர்பெத்துவா நின்றபடியே வாசல் சரத்தைப் பார்த்தார்.

"மணிலாவுல நாங்க வாடகைக்கு வீடு தேடுனப்போ" என்று ஆரம்பித்தார். இந்த முறை தெருவுக்குக் கேட்கவில்லை. "பத்தாங்காஸ்னு சொன்ன உடனே கதவைச் சாத்துவாங்க. அந்த ஊர்க்காரன் இடுப்புல மடக்குக் கத்தி இல்லாம இருக்கமாட்டான், சண்டைக்காரப் பசங்கன்னு. என் வீட்டுக்காரரு ஈயைக் கூட அடிக்கமாட்டாரு. ஆறு வீடு ஏறி இறங்கினோம்."

"கத்தி இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டார் தேர்யோ. லெய்சல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இருந்துச்சே" என்றார் பெர்பெத்துவா.

பையைத் திறந்து உள்ளே கைவிட்டார். பெட்டிக்குள் வைத்து விமானத்தில் ஏற்றி வந்த, இரட்டைப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று வெளியே வந்தது. மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினார். சடசடவென்று விரிந்து நின்றது. செந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். பெர்பெத்துவா நேரே வாசலுக்குப் போய், எட்டி, கயிற்றை ஒரே வெட்டில் வெட்டினார். சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, முன்பு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக் கீழே வைத்தார்.

"பூண்டு இல்லாத காடியில எவன் சிப்பி தின்பான்?" என்று தெருமுனைவரை கேட்கும்படி சொல்லிவிட்டு, ஒரு பூண்டை உடைத்துப் பல் பல்லாக உரித்து நறுக்க ஆரம்பித்தார்.

நோங் தேர்யோ காடிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, கத்திக்குக் கீழே வாட்டமாகப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பல் விழும்வரை வாயைத் திறக்கவில்லை.