உறவில்லாத கனவானின் சான்று

சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் சுலபமாக இருந்தது. பி.ஏ. தேறியிருந்தேன், சென்னைக்குப் போகப் பறந்துகொண்டிருந்தேன். இடித்தது ஒரே ஒரு வரிதான்: ஐந்து வருடமாவது என்னை அறிந்த, உறவில்லாத ஒரு கனவான் நன்னடத்தைச் சான்று தர வேண்டும். அதை எழுதியவர் தென்காசிப் பக்கம் வந்ததே இல்லை போலும். எங்கள் ஊரில் கனவான் என்று சொல்லத் தகுந்தவர்கள் எல்லாம் எனக்கு மாமா, இல்லையென்றால் சித்தப்பா. உறவில்லாத கனவான் யாராவது மிஞ்சினால் அவரோடு அப்பாவுக்கு வழக்கு இருக்கும்.

அப்படி மிஞ்சியவர் ஓய்வு பெற்ற ஒரு சப்-ரிஜிஸ்திரார். எங்கள் வயலுக்குக் கீழ்வயல்காரர். மடைக்கல்லை அப்பா நகர்த்தித் தண்ணீரை மறித்துவிட்டார் என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். நகர்த்தியது உண்மைதான். கூடக் கடப்பாரை பிடித்தவன் நான். அந்த வழக்கைத் தலைமுறைக்கும் இழுக்க வீட்டிலேயே ஒரு வக்கீல் வேண்டும் என்றுதான் அப்பா என்னைச் சட்டம் படிக்கச் சொன்னார். கல்லூரியில் ஆளைச் சேர்க்க என்ன பார்ப்பார்கள் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"பொய் சொல்லத் தெரியாதவனுக்குக் கறுப்புக் கோட்டு எதுக்குலே?" என்பார்.

வழக்கு நடக்கும்போது எதிராளி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. குற்றாலத்து அருவி யார் வீட்டு வாசலும் இல்லை. சாரல் நாளில் அவர் தினமும் அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். காகிதமும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

"உங்கப்பாவுக்கு வேற ஆளே கிடைக்கலியாலே?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "சரி, எழுதித் தாரேன். ஒண்ணு மட்டும் சொல்லு. கல்லை நகர்த்துனது யாரு?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்பாதான் அண்ணாச்சி. நானும் கூடப் பிடிச்சேன்."

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினார். எவ்வளவு துடைத்தும் ஓரத்தில் எண்ணெய்க் கறை விழுந்தது. கடைசி வரி: 'இந்த இளைஞனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.'

வீட்டில் அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

"என்ன எழுதியிருக்கான்?"

உள்ளதைச் சொன்னால் அங்கேயே கிழித்துப் போடுவார், என் சென்னைப் பயணமும் அதோடு போகும். "வாதத்துல இவனை யாராலயும் மடக்க முடியாதுன்னு எழுதியிருக்காருப்பா" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

"எதிரியா இருந்தாலும் ஆளை எடை போடத் தெரியுது அவனுக்கு" என்று சொல்லி, அப்பாவே தபாலில் சேர்த்தார்.

கல்லூரியில் இடம் கிடைத்தது. நான் வக்கீலாகித் திரும்பியபோதும் வழக்கு சாகாமல் கிடந்தது. அப்பாவுக்காக நானே ஆஜரானேன். கல் என் தாத்தா காலத்திலிருந்து அதே இடத்தில்தான் இருக்கிறது என்று அரைமணி நேரம் வாதாடினேன். கீழ்வயல்காரர் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

வெளியே வந்ததும் என்னை நிறுத்தினார். பழைய 'லே' இல்லை.

"வக்கீலய்யா, நான் எழுதித் தந்த சான்று இப்பவும் செல்லுமா?"

"செல்லாது அண்ணாச்சி" என்றேன்.

அன்று கோர்ட்டு வளாகத்தில் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.