பதிவேட்டில் இல்லாத மின்தடை

சின்னண்ணனுக்கு ஊரில் ஒருவர் மீதும் நம்பிக்கை கிடையாது. அதற்காக அவரை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு சின்ன மின்சார அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக லைன்மேன். கம்பத்தின் மேலே நின்று பார்க்கிறவனுக்கு எந்தக் கம்பி யார் வீட்டுக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும். கோயில் கமிட்டியில் முதல் நாற்காலியில் உட்காருகிற மனிதர் மகள் கல்யாணத்துக்கு வாசல் முழுக்க சீரியல் பல்பு போட்டார். மின்சாரம் மட்டும் கம்பத்தில் மாட்டிய கொக்கியிலிருந்து வந்தது. கோழிப்பண்ணை வைத்திருப்பவர், தறிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கொக்கி போட்டுப் பார்த்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கழற்றி எறிந்தது சின்னண்ணனின் கைதான். யார் வீட்டிலும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அந்த டீ குடிக்காத திமிர் அவர் நடையிலேயே தெரியும்.

ஊரடங்கு வந்தபோது, ஆளில்லாத அலுவலகத்தில் காவல் காத்துக்கொண்டு போனில் செஸ் கற்றுக்கொண்டார். நன்றாகவே ஆடினார். ஆனால் எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி அணைந்துவிட்டால் அவருக்குக் காது சிவந்துவிடும். போனவன் வராவிட்டால், தோல்விக்குப் பயந்து ஓடிவிட்டான். திரும்பி வந்து நன்றாக ஆடினால், இடைப்பட்ட நேரத்தில் கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். தான் தோற்பதற்கு மூன்றாவதாகவும் ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்த மனிதருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"ஏனுங்க, நெட்டு போயிருக்குமுங்க" என்பார் மனைவி சௌந்திரம்.

"உனக்கென்ன தெரியும்? இவனும் கொக்கி போட்டுத்தான் ஆடறான்" என்று சொல்லிவிட்டுப் புகார் பொத்தானை அழுத்துவார். ஒரு வருடத்தில் நூற்றுப் பதினேழு பேர் மீது புகார் கொடுத்திருந்தார்.

ராசிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கலையரசன் வருடத்துக்கு ஒரு முறை போனிலேயே ஒரு போட்டி நடத்துவார். முந்தைய வருடம் சிலர் முன்கூட்டியே பேசிவைத்து ஆடிவிட்டதால், இந்த முறை எல்லோருக்கும் புனைபெயர். யார் யார் என்பது கலையரசனுக்கு மட்டும் தெரியும். சின்னண்ணன் 'கொல்லிமலை ராஜா' ஆனார். அரையிறுதியில் அவருக்கு வாய்த்த எதிராளி 'மல்லி 98'. மூன்று ஆட்டம், இரண்டை வெல்பவருக்கு இறுதிப் போட்டி. இரண்டு பேருக்கும் தோதான நேரம் காலை பதினொரு மணி என்று கலையரசன் மூலமாகவே முடிவானது.

அந்த வாரம் சின்னண்ணனுக்கு மேட்டுத்தெருவில் வேலை. பழைய சர்வீஸ் வயர்களைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும். ஒப்பந்த ஆட்கள் கம்பத்தில் ஏற, இவர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே பைக்கின் மேல் உட்கார்ந்து ஆடினார். முதல் ஆட்டம் திங்கட்கிழமை, இவருக்கு வெற்றி.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தின் நடுவே, கரண்டை நிறுத்தச் சொல்லிக் கம்பத்திலிருந்து குரல் வந்தது. சின்னண்ணன் எழுந்து போய் ஃபியூஸ்களைப் பிடுங்கினார். தெரு முழுக்க மின்விசிறி நின்றது. மின்சாரத்தை நிறுத்துவதென்றால் உதவிப் பொறியாளரிடம் அனுமதி வாங்கி, பதிவேட்டில் நேரத்தை எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலைக்கு யார் எழுதிக்கொண்டிருப்பது? திரும்பி வந்து பார்த்தால் மல்லியின் பச்சைப் புள்ளி அணைந்து கிடந்தது. இரண்டு நிமிடம் கழித்து எரிந்தது. வந்த மல்லி குதிரையைத் தூக்கி யாரும் எதிர்பாராத இடத்தில் வைத்து, எட்டே நகர்த்தலில் ராஜாவைக் கட்டிப் போட்டுவிட்டாள்.

புதன்கிழமையும் அதே கதை. ஃபியூஸைப் பிடுங்கினார், புள்ளி அணைந்தது, மல்லி திரும்பி வந்தாள், இவர் தோற்றார். இவருடைய போன் சிம் கார்டில் ஓடியதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தன் கையில் இருந்த ஃபியூஸுக்கும் அந்தப் பச்சைப் புள்ளிக்கும் சம்பந்தம் இருக்கும் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

அன்று மத்தியானமே செஸ் செயலியில் போட்டிக்கென்று இருந்த குழுவில், புனைபெயரிலேயே எழுதினார். 'மல்லி கொக்கி போட்டு ஆடுகிறது. இரண்டு நாளும் நடுவில் காணாமல் போய், கம்ப்யூட்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தது.' நாற்பது பேர் இருக்கிற குழு. கொக்கி என்ற சொல் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. மல்லிக்குக் கொக்கிப் படங்களாக வந்து குவிந்தன. 'கரண்ட் போய் வைஃபை நின்றுவிட்டது, போன் டேட்டாவுக்கு மாறத்தான் இரண்டு நிமிடம் ஆனது' என்று மல்லி எழுதியதற்கு, கொல்லிமலை ராஜா உடனே பதில் போட்டார். 'கரண்ட் போனால் மின்சார அலுவலகத்தில் பதிவு இருக்கும். சீல் வைத்து வாங்கி வரச் சொல்லுங்கள்.' கலையரசனுக்கு அது நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை வரை தவணை கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்தாள். மேட்டுத்தெரு மதுமதி என்று சொன்னாள். கணவன் போர்வெல் வண்டியில் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறானாம்.

"அண்ணா, செவ்வாக்கிழமையும் புதன்கிழமையும் பதினொன்னேகாலுக்கு எங்க தெருவுல கரண்டு போச்சுங்ணா. அதை ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கோணுங்க" என்று ஒரு மனுவை நீட்டினாள்.

"எதுக்கு அம்மிணி?"

"செஸ் போட்டிங்ணா. நான் ஏமாத்தி ஆடுனேன்னு ஒருத்தரு சொல்லிப்போட்டாரு. நாமக்கல்லுல ஒரு பள்ளிக்கூடத்துல செஸ் டீச்சரா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. போட்டி நடத்தறவரு என்னைப் பத்தி நல்லபடியா எழுதிக் குடுத்தாத்தான் அந்த வேலைங்க. கலியாணத்துக்கு முன்னாடி ஸ்டேட் லெவல்ல ஆடுனவ நான். இப்ப என் பேரே கொக்கின்னு ஆயிப்போச்சுங்க."

சின்னண்ணன் மனுவை வாங்கிப் படித்தார். மனுவில் இருந்த நேரம் இரண்டும் அவர் ஃபியூஸ் பிடுங்கிய நேரம். இவள்தான் மல்லி. நூறடி தள்ளி வீட்டுக்குள் உட்கார்ந்து இவள் ஆடியிருக்கிறாள். தானே அவள் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, தானே அவளைத் திருடி என்று சொல்லியிருக்கிறார். அது புரிய அவருக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. புரிந்ததும் வெட்கம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் பின்னாலேயே பயமும் வந்தது. எழுதாமல் மின்சாரத்தை நிறுத்தியது தெரிந்தால் மெமோ. பிரமோஷன் வருகிற மாதம். குழுவில் நாற்பது பேர் முன்னால் வாயடைத்து நிற்க வேண்டும். அவள் கெட்டால் அவள் மட்டும்தான் கெடுவாள். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார், அந்தப் பாவி மனிதர்.

உதவிப் பொறியாளர் குருமூர்த்தி பதிவேட்டைப் புரட்டினார். ஊருக்குப் புதுசு, காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். "ஒண்ணும் இல்லையே. அந்தத் தெருவுல நீங்கதானே சின்னண்ணன் வயர் மாத்தினீங்க? சப்ளையை நிறுத்துனீங்களா?"

"காலையில ஒண்ணும் எடுக்கலைங்க சார். சாயந்தரம் உங்ககிட்ட லைன் கிளியர் வாங்கி எடுத்தோமே, அது எழுதியிருக்குதுங்க."

"இல்லீங் சார், காலையிலதானுங்க போச்சு. வைஃபை பொட்டியில லைட்டே அணைஞ்சுபோச்சுங்க" என்றாள் மதுமதி.

"ஊட்டுக்குள்ள லைன் கோளாறா இருக்கும் அம்மிணி. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பாரு" என்றார் சின்னண்ணன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இருபத்தெட்டு வருடம் திருடர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல் அது.

குருமூர்த்தி அவள் மனுவின் அடியில், பதிவேட்டின்படி மேற்படி நாட்களில் காலையில் மின்தடை ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சின்னண்ணன் சீலை மையில் அழுத்தி, அதன் மேல் குத்தி, அவள் கையில் கொடுத்தார்.

"வாரேனுங்ணா" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். குழந்தை அந்தக் காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தது.

சனிக்கிழமை மல்லி அதை மறைக்கவில்லை. படமெடுத்து, 'கேட்டதற்கு இதுதான் கிடைத்தது. கரண்ட் போனது உண்மை' என்று எழுதிக் குழுவில் போட்டுவிட்டாள். சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. கலையரசன் அவளை நீக்கி, ராஜாவை இறுதிப் போட்டிக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். பாராட்டுச் செய்திகளுக்கு எல்லாம் கொல்லிமலை ராஜா கை கூப்பும் படம் போட்டு நன்றி சொன்னார். அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் இறங்கியது.

அடுத்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இறுதிப் போட்டி. அதே நேரத்துக்கு மேட்டுத்தெருவில் மிச்சமிருந்த இரண்டு வீடுகளின் வேலையும் வந்து சேர்ந்தது. வேறு ஆள் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று பேசாமல் வந்துவிட்டார். போனைப் பைக்கின் சீட்டில் திறந்தபடி வைத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் அருகே போய் ஃபியூஸ்களைப் பிடுங்கினார். மணி பதினொன்றேகால்.

எதிர் வரிசையில் ஒரு கதவு திறந்தது. மதுமதி குழந்தையோடு வெளியே வந்து, அணைந்த தெருவைப் பார்த்தாள். பிறகு பைக் வரை நடந்து வந்து, அவர் கையில் இருந்த ஃபியூஸ்களைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் நீங்கதானுங்களே எடுத்தீங்க" என்றாள்.

"பதிவேட்டுல இல்லையே அம்மிணி."

அவள் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பைக் சீட்டில் இருந்த போன் டிங் என்றது. அது எதிராளி காயை நகர்த்தினால் வருகிற சத்தம். செஸ் ஆடுகிறவர்களுக்கு அது தூக்கத்திலும் கேட்கும். மதுமதி தன்னையறியாமல் திரும்பிக் குனிந்து பார்த்தாள். பலகைக்குக் கீழே 'கொல்லிமலை ராஜா' என்று பெயர் இருந்தது.

சின்னண்ணன் இரண்டு கையிலும் ஃபியூஸோடு நின்றார். அவள் கத்துவாள், தெருவைக் கூட்டுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தார். மறுத்துச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகையும் பார்த்துவிட்டார். ஆனால் அவள் பலகையில் காய்கள் நின்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழந்தை போனைத் தொடக் கையை நீட்டியபோது, அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"உங்க டைம் ஓடுதுங்ணா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சின்னண்ணன் ஃபியூஸ்களைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, போனை எடுத்து, யானையை நகர்த்தினார். கம்பத்தின் மேல் வேலை முடியப் பத்து நிமிடம் ஆனது. அதையும் அவர் எங்கும் எழுதவில்லை.