பின்னால் மாட்டிய டயர்

நான் அந்தக் காரின் நடுக்கத்தைச் சரிசெய்யவில்லை. இடம் மாற்றி மறைத்தேன். அதனால் ஒரு பெண்ணின் உயிர் போயிற்று... உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

விழுப்புரம் புறவழிச்சாலை ஓரத்தில் எனக்கு ஒரு கார் பட்டறை. முகையூர்ப் பக்கத்து விவசாயி செல்வராசு, தன் மனைவி வளர்மதியோடு வந்திருந்தார். எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறதாம். மறுநாள் சென்னையில் மகளுக்கு வளைகாப்பு.

திண்டிவனம் சாலையில் ஓட்டிப்பார்த்தேன். நடுங்கியது. திரும்பி வந்து ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றியதும் தெரிந்துவிட்டது. முன்டயரில் ஒரு புடைப்பு. தூக்கி எறிய வேண்டிய டயர்!

அந்த அளவில் வேறு டயர் என்னிடம் இல்லை. அவருடைய ஸ்டெப்னியும் மொட்டை. இரண்டு நாள் காத்திருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்... ஆனால் அவர், "உங்க கையில வுட்டா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்னு சொல்லிக்கினு வந்தேன்" என்றார். அந்தப் பாராட்டை இழக்க எனக்கு மனமில்லை.

எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. முன்சக்கரம் ஆடினால் ஸ்டியரிங்கில் தெரியும். பின்சக்கரம் ஆடினால் சீட்டில்தான் தெரியும். ஓட்டுகிறவர் அவ்வளவாகக் கவனிக்க மாட்டார். அந்த டயரைக் கழற்றிப் பின்னால் மாட்டினேன். ஊருக்குப் போய்வந்ததும் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுபடி ஓட்டிப்பார்த்தோம். "சூப்பர்ண்ணே! கல்லு மாதிரி நிக்குது" என்றார் செல்வராசு.

பின்சீட்டிலிருந்து வளர்மதி சொன்னார்: "எனக்கு இப்பதாங்க ஆடுது. சீட்டுக்குக் கீழ தடதடன்னு வருது."

"ரோடு அப்படிங்கம்மா" என்றேன்.

"இவளுக்கு எப்பவும் ஏதாச்சும் ஒண்ணு ஆடிக்கினே இருக்கும்ணே" என்று கணவர் கேலி செய்தார். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்... எப்படித்தான் சிரித்தேனோ!

மறுநாள் திண்டிவனம் வருவதற்குள் அந்தப் பின்டயர் வெடித்தது. வண்டி உருண்டது. செல்வராசுக்குக் கை முறிந்தது. வளர்மதி அங்கேயே போய்விட்டார்.

கண்மண் தெரியாமல் ஓட்டினான், டயர் வெடித்தது என்று ஊரே பேசியது. செல்வராசும் அதையே நம்பினார். மகள் இன்றுவரை அப்பாவிடம் பேசுவதில்லை. பேரனை ஒருமுறைகூட அவர் தூக்கியதில்லை.

என் ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் தலைநிமிர. சொன்னேனா? இல்லை! பட்டறை போய்விடும், போலீஸ் வரும் என்று பயந்தேன். இப்போது பயம்கூட இல்லை, அலுப்புதான் இருக்கிறது. காலையில் பட்டறையைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது. உங்களிடம் சொன்னால் குறையும் என்று நினைத்தேன்... குறையவில்லை.

போன வாரம் செல்வராசு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க நல்லாத்தான் பண்ணிக் குடுத்தீங்கண்ணே. நான்தான் வேகமா மிதிச்சிட்டேன். ஒரு தபா எம் பொண்ணு வீட்டுக்கு வந்து எடுத்துச் சொல்லுங்க. அப்பன மன்னிச்சிடும்மான்னு... வண்டியப் பாத்தவரு நீங்க சொன்னா கேப்பா."

"வர்றேங்க" என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். அப்பாவை மன்னித்துவிடு என்று அந்தப் பெண்ணிடம் கேட்கப் போகிறேன்... நான்!