போனில் ஆறிய புண்கள்

எங்கள் ஊரில் யாருக்கும் எதுவும் வருவதில்லை. கோலார் தங்க வயலில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அத்தனை பேரும் நன்றாக இருப்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இரண்டு வருடமாகப் போன் போட்டுக் கேட்டு, கட்டத்துக்குக் கட்டம் டிக் அடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பொழுது சாயும்போது வீட்டில் இருப்பேன். அடையாள அட்டையில் 'ஆராய்ச்சி உதவியாளர்' என்று போட்டிருக்கும். யாராவது கேட்டால் அம்மா, 'போன் பேசற வேலை' என்பாள். அம்மா சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. கல்யாணம் செய்து போன இடத்திலிருந்து நான் திரும்பி வந்த கதைக்கு இங்கே இடமில்லை. அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம், அவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆராய்ச்சி ஹெர்னியா ஆபரேஷனைப் பற்றியது. குடல் பிதுங்குகிற இடத்தில் வலை மாதிரி ஒன்றை வைத்துத் தைத்து அனுப்புவார்கள். பத்தாம் நாள் நோயாளி பக்கத்திலிருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் புண்ணைக் காட்டிவிட்டு வரவேண்டும். இந்த அலைச்சல் வேண்டியதுதானா, ஒரு போன் போட்டு விசாரித்தால் ஆகாதா என்பதுதான் எங்கள் கேள்வி. பதிலுக்காகச் சுகாதாரத் துறை காத்துக்கொண்டிருந்தது. போன் போதும் என்று நாங்கள் சொல்லிவிட்டால் மாவட்டம் முழுக்கப் பத்தாம் நாள் நர்ஸ் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால் நோயாளிகளைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேருக்கு நர்ஸ். பாக்கிப் பேருக்கு என்னைப் போலப் போன் பேசுகிற பெண்கள்.

அதில் எங்கள் ஊர்க்காரர்களை என்னிடம்தான் கொடுத்தார்கள். அவர்கள் பேசுகிற தமிழ் எனக்கு வரும் என்பதுதான் காரணம். காய்ச்சல் இருக்கிறதா, புண் சிவந்திருக்கிறதா, சீழ் வடிகிறதா என்று அச்சடித்த கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் முதல் கேள்வி முடிவதற்குள்ளேயே 'ஃபிட்டும்மா, ஒண்ணும் இல்ல' என்று எல்லாக் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். நானும் 'ரொம்ப சந்தோஷங்க' என்று சொல்லி வைத்துவிடுவேன். மற்ற பெண்களின் பட்டியலில் எடுக்காத போன், தவறான நம்பர், திட்டு வாங்கிய அழைப்பு என்று ஓட்டை ஓட்டையாக இருக்கும். என் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இராது. அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எங்கள் ஊரில் அதுவரை வந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு அதிசயம் தெரிந்தது. நர்ஸ் பார்த்த பாதியில் சிலருக்குப் புண் சிவந்திருந்தது, சிலருக்குச் சீழ் வைத்திருந்தது, தையல் விட்டவர்கள்கூட இருந்தார்கள். நான் போன் செய்த பாதியில் அப்படி யாருமே இல்லை. அதாவது நர்ஸ் தொட்டுப் பார்த்தால் சீழ் வைக்கிறது, நான் தூரத்திலிருந்து பேசினால் ஆறிவிடுகிறது. கூட்டத்தில் ஒரு இளம் டாக்டர், என் குரலிலேயே மருந்து கலந்திருப்பதாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். படித்தவர்கள் நிறைந்த அந்த அறையில் யாருக்கும் அதற்கு மேல் சந்தேகம் வரவில்லை. துறை அதிகாரிகளோடு கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு ஹெர்னியா வந்தது. வந்தது என்றால், எப்போதோ வந்து, லுங்கியை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு திரிந்து, இனி மறைக்க முடியாது என்ற அளவுக்குப் பெரிதானபோது எங்களுக்குத் தெரிந்தது. சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கும் கேங்கில் இருந்தவர். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும், ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி விடிவதற்கு முன்பே எழுந்து, போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது. ஆராய்ச்சிக்கு இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்ததால் அவரிடமும் சம்மதக் கடிதம் நீட்டினார்கள். படிக்காமலே அழகான இங்கிலீஷ் கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் அவரைப் போன் பக்கம் தள்ளியது.

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் போன் செய்யக்கூடாது என்பது விதி. அதனால் பத்தாம் நாள் என் பக்கத்து மேஜைப் பெண் அப்பாவை அழைத்தாள். அவள் மைசூர்க்காரி, தமிழ் அரைகுறை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கன்னடத்தில் கேட்க, அப்பாவும் கன்னடத்தில், அதுவும் ராணுவக்காரர் மாதிரி, சுருக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் 'ஃபுல் ஃபிட், மேடம்' என்றார். அவள் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடித்தாள்.

"அக்கா, உங்கப்பா சூப்பர் பேஷண்ட்" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா பின்பக்கம் ஒரு பக்கெட்டில் அப்பாவின் லுங்கியைத் தனியாக ஊறவைத்துக்கொண்டிருந்தாள். டெட்டால் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"இன்னாம்மா இது?"

"உங்கப்பா லுங்கிதான். நாலு நாளா இப்டித்தான் வருது."

"நாலு நாளா? ஏன் என்கிட்ட சொல்லல?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு உங்க ஆபீஸ்லருந்து போன் வந்துச்சே. என்னையா கேட்டாங்க? அவர கேட்டாங்க, அவரு ஃபிட்டுன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். காட்டச் சொன்னேன். ஒண்ணும் இல்லை என்றார். நான் கத்தினேன். அவரைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் முறை. சட்டையைத் தூக்கி, லுங்கியை இடுப்பில் கொஞ்சம் இறக்கினார். தையல் போட்ட இடம் உப்பிச் சிவந்திருந்தது, ஓரத்தில் சீழ் கசிந்துகொண்டிருந்தது. தொட்டால் உடம்பு கொதித்தது. அந்த நிலையில்தான் இந்த மனிதர் காலையில் கன்னடத்தில் ஃபுல் ஃபிட் சொல்லியிருந்தார். பயத்தில் எனக்கு அழுகையும் வந்தது, அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

உடனே கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவியான டாக்டரம்மாவே புண்ணைத் திறந்து சுத்தம் செய்தார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உள்ளே வைத்த வலையையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், இந்த வயதில் அதற்குப் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அப்பாவை வார்டில் சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் அப்பாவே பேச்சை ஆரம்பித்தார்.

"நீ எத்தினி பேருக்கு இப்டி போன் பண்ணி கேட்ட?"

"நம்ம ஊருல எல்லாருக்கும் நான்தான்."

"எல்லாரும் ஃபிட்டுன்னாங்களா?"

"ஆமா."

அவர் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார். சுரங்கத்தில் அடிபட்டவன் மறுபடி வேலைக்கு இறங்க டாக்டர் முன்னால் நிற்கவேண்டும். டாக்டர் ஃபிட் என்று எழுதினால் அவன் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறிக் கீழே போகலாம். இல்லாவிட்டால் மேலேயே ஏதாவது பெருக்கித் துடைக்கிற வேலை, கேங்கில் அவன் இடத்துக்கு வேறு ஆள். அதனால் வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்கிறவன் பின்னால் நிற்கிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பானாம். நிமிர்ந்து நில், வலிக்கிற இடத்தில் கையை வைக்காதே, டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்.

"ஆஸ்பத்திரிலருந்து யாரு கேட்டாலும் வாயி தானா சொல்லிடுதும்மா" என்றார். "எனக்கு மட்டும் இல்ல. அவனுங்களுக்கும் அப்டித்தான் வரும்."

எனக்கு இது தெரியாத சங்கதியா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் விழுந்து கை வீங்கியபோது நானும் டீச்சரிடம் ஃபிட் என்றுதான் சொன்னேன். இந்தப் பேச்சு எனக்குப் புரியும் என்றுதான் என்னை வேலைக்கே வைத்தார்கள். நன்றாகவே புரிந்துகொண்டேன்.

டாக்டரம்மாவிடம் உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் இரண்டு வருட வேலை குப்பை என்று நானே போய்ச் சொல்லவேண்டும், சொன்னால் வேலை போகும், போனால் வீடு என்னாகும் என்ற கணக்கெல்லாம் ஓடியது. அப்பா செய்ததை அவர் ஒருவருடைய அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம், ஒருவர்தானே என்றும் தோன்றியது. அதற்கடுத்த நாள், கூட்டத்தில் காட்டப்போகிற படங்களை என்னையே சரிபார்க்கச் சொன்னார்கள். அதில் என் பாதி சுத்தமாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை, எழுந்து போனேன்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்படியானால் நாம் என்ன கேட்டிருக்க வேண்டும்?" என்றார்.

"துணி துவைக்கிறவர்களைக் கேட்டிருக்க வேண்டும், மேடம்" என்றேன்.

கூட்டம் தள்ளிப்போனது. இதைக் கேட்ட துறை அதிகாரி ஒருவர், போன் எவ்வளவு வசதியாக இருந்தது என்று மிகவும் வருத்தப்பட்டாராம். நானும் ஒரு நர்ஸும் ஊரிகத்தில் தொடங்கி நந்திதுர்க் வரைக்கும் லைன் லைனாகப் பழைய பட்டியலோடு நடந்தோம். ஆண்கள் வாசலிலேயே நிமிர்ந்து நின்று பழைய பதிலைச் சொன்னார்கள். நான் அவர்களைத் தாண்டி உள்ளே போய், வீட்டில் துணி துவைப்பது யார் என்று கேட்டேன். பெரும்பாலும் மனைவி, சில இடத்தில் மருமகள், ஒரு வீட்டில் தங்கச்சி. கறை பட்டதா, எத்தனை நாள், என்ன நிறம் என்று கேட்டால் போதும், நாள் கிழமையோடு சொன்னார்கள். என் வெள்ளைப் பாதி அழுக்காகிக்கொண்டே வந்தது. பலருக்குத் தானாக ஆறியிருந்தது. ஒருவருக்குப் புண் திறந்தே கிடந்தது, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு வாரக் கணக்கில் இருந்திருக்கிறார். நர்ஸ் அவரை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வீட்டம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"நீ போன் பண்ணப்போ என்கிட்ட குடுப்பாருன்னு பாத்துகினே இருந்தேம்மா. அதுக்குள்ள நீ சந்தோஷங்கன்னு வச்சிட்ட" என்றார்.

அதன்பிறகு எந்த நோயாளியிடமும் அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் பத்தாம் நாள் நர்ஸ் பார்ப்பது நிற்கவில்லை. அப்படியே தொடரவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நர்ஸ் நிரப்புகிற படிவத்திலும் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது. என் வேலையும் போகவில்லை. அதிகாரிகள் இதைத் தங்கள் முன்யோசனை என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி, பேசிக்கொள்ளட்டும். ஆராய்ச்சியின் அறிக்கையை டாக்டரம்மா என்னிடம் ஒரு பிரதி கொடுத்தார். கொடுக்கும்போது, ஒரு வரி இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை வீட்டில் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். அப்பா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார், புண் நன்றாக ஆறியிருந்தது. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வரி வந்தது. முதலில் தொலைபேசி மூலம் சேகரித்த தகவல்கள் நம்பத்தக்கவை அல்ல. இரண்டு வருட ரயில், இரண்டு வருடக் குரல், எல்லாம் சேர்ந்து அந்த ஒரு வரி. அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"அது உன்ன இல்லம்மா. என்னத்தான் எழுதிக்கிறாங்க" என்றார்.

"ரெண்டு பேரையும்தான்" என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அத்த விடு. என்ன மாதிரி ஆளுங்கள கேக்க சொல்லிக்கிறாங்களே, அது எந்தப் பக்கத்துல கீது?"

தேடி எடுத்தேன். நோயாளியின் துணிகளைத் துவைப்பவரிடம் தனியாகக் கேட்கவும், கடந்த பத்து நாட்களில் துணியில் கறை இருந்ததா, எத்தனை நாள், என்ன நிறம்.

அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள்.