அறிவு கழற்றிப் போன டிஸ்க்

2007 ஏப்ரல் பதினான்கு, சனிக்கிழமை. எம்.கே.பி. நகரே நீலக்கொடியோடு ஊர்வலம் போயிருந்த காலையில், அறிவு தன் அக்கா ரமாபாயின் ஜாப் டைப்பிங் கடையை விட்டுப் போனான். சிலைக்கு மாலை போட்டுவிட்டு ரமாபாய் திரும்பியபோது பூட்டு ஒழுங்காகத்தான் தொங்கியது. உள்ளே கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் காணோம். ஹார்ட் டிஸ்க் இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. விண்டோஸ் சிடியும் போயிருந்தது.

ஆறு வருடமாக அவள் அடித்த பயோடேட்டா எல்லாம் அந்த டிஸ்கில்தான். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கான்ட்ராக்டில் வேலை செய்கிற வெல்டர்கள், ஃபிட்டர்கள் நாலு மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுவார்கள். எங்கே எப்போது சேர்ந்தோம் என்று அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. "யக்கா, கீய ஒரு லைன் சேத்துடு" என்று வந்து நிற்பார்கள். மற்றதெல்லாம் அவள் பெட்டியில் இருந்தது.

மறுவாரம் இரண்டு தெரு தள்ளி அறிவு கடை திறந்தான். வாசலில் போர்டு: 'பழைய பயோடேட்டா இங்கே கிடைக்கும்.'

ரமாபாய் நேரே போனாள்.

"டிஸ்கைக் குட்ரா."

"எந்த டிஸ்க்கு? நீ பழைய டைப் மிஷினே வாங்கிக்கோக்கா. அதான் உனுக்குக் கரெக்ட்டு."

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் அவளிடம் பயோடேட்டா அடித்துப்போனவர்கள். யார் யார் சிரித்தார்கள் என்பதை அவள் மறக்கவில்லை. அந்தப் பெயர்கள் அத்தனையும் மறுபடி தன் பெட்டிக்குள் வந்தாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள்.

பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த மஜீது, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய உபுண்டு சிடி ஒன்றைக் கொண்டுவந்தான்.

"இத்தப் போட்டுப் பாரு யக்கா. டிஸ்க்கே வாணாமாம், சிடிலயே ஓடுமாம்."

ஓடியது. திரை செம்மண் நிறத்தில் வந்தது. பிரிண்டரை வழிக்குக் கொண்டுவர மூன்று நாள் பிடித்தது. டிஸ்க் வாங்கும்வரை அடித்ததையெல்லாம் பென் டிரைவில் சேர்த்தாள்.

"இன்னாக்கா, ஸ்டார்ட் பட்டனக் காணோம்?" என்றான் ஒரு வெல்டர்.

"மேல கீது. உன் பேரு பேப்பர்ல வந்துச்சா இல்லியா? அத்தப் பாரு."

அடுத்த வருடம் அறிவு கடையில் வைரஸ் புகுந்தது. ஒரு மத்தியானம் மஜீது தயங்கித் தயங்கி வந்து ஒரு பென் டிரைவை நீட்டினான்.

"அறிவுதுதான் யக்கா. டிஸ்க்க ஃபார்மட் அட்ச்சிட்டான். அதுக்கு முன்ன எல்லாத்தையும் இதுல காப்பி பண்ணி வெச்சிருந்தான். இப்ப தொறந்தா காலியா கீது. பேஜாராயிட்டான். உன்கிட்ட வர மூஞ்சி இல்ல."

"வெச்சிட்டுப் போ. சாய்ந்திரம் வா."

செருகினாள். விண்டோஸில் அந்த வைரஸ் ஒளித்துவைத்த ஃபோல்டர்கள் உபுண்டுவின் கண்ணுக்குத் தப்பவில்லை. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் வைத்த பெயர்களிலேயே: பன்னிரண்டாம் பிளாக் தாயம்மா மகன் வெல்டர், ரயில்வே கேட் ஞானதுரை கிரேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர். சிரித்தவர்களும் இருந்தார்கள்.

எல்லாவற்றையும் தன் டிஸ்குக்கு இழுத்துக்கொண்டாள், ஒன்றைத் தவிர. அது அவள் முதன்முதலாக அடித்த பயோடேட்டா: அறிவு, ஐடிஐ ஃபிட்டர். அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு பென் டிரைவை ஃபார்மட் செய்து சுத்தமாக அழித்தாள்.

சாயங்காலம் மஜீதிடம் கொடுத்தபோது, "காலிதான்பா" என்றாள். அப்போது அது உண்மைதான்.

மறுநாள் அவள் கடை வாசலில் போர்டு தொங்கியது. அதே வாசகம், அதே எழுத்து. அவனுக்கு எழுதிய பெயின்டரையே தேடிப் பிடித்திருந்தாள். கூட ஒரு வரி: 'அறிவு கடையில் தொலைந்ததும்.' சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரையும் கொஞ்ச நேரம் நிற்க வைத்துத்தான் அடித்துக் கொடுத்தாள். பொங்கலுக்குள் அறிவு கடையைக் காலி செய்தான்.

அதற்குப் பிறகும் அக்காவும் தம்பியும் பேசவில்லை. 2010 மார்ச்சில், கடையில் ஆள் நிற்கும்போதே அவள் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. இரண்டு தடவை படித்தாள்.

"யக்கா, அறிவு. எண்ணூர்ல ஃபிட்டர் வேலைக்கு ஆள் எடுக்குறாங்க. நாளைக்குக் கடைசி. எங்கெங்க வேல செஞ்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நீ அடிச்ச என் பயோடேட்டா கீதா? வரட்டா?"