நாற்பத்தொரு பிழைகள்

காற்புள்ளிக்கு மேசையில் விரலால் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு. அச்சுக்குப் போகும் பக்கத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும் என்பது அண்ணியின் கட்சி. அதனால் உரக்கத்தான் வாசிப்பார். அந்த அறையில் இன்னொரு நாற்காலி உண்டு. உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒரு வாரம் தாங்கியதில்லை.

அண்ணனைக் கட்டியவர் என்பதால் எனக்கு அண்ணி. அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துபவர், அதாவது புரூஃப் பார்ப்பவர். நான் அங்கேயே கீழ்த்தளத்தில் பைண்டிங் வேலை. பாடநூல், மருந்துப் பட்டியல், வாக்காளர் பட்டியல் என்று முப்பது வருடமாக எல்லாம் அவர் விரலுக்கடியில் போயிருக்கின்றன. ஒரு சொல்லைக்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்றியதில்லை. "எழுதினவங்க எழுதினதுதான். நான் யாரு கை வைக்க?" என்பார். மூக்குக்கண்ணாடி இரண்டு வைத்திருக்கிறார்: ஒன்று எழுத்துக்கு, ஒன்று ஆளுக்கு.

இரண்டு வருடமாக அவர் மேசையில் இருந்தது, ஆதித் திருச்சபையின் ஆயர், அதாவது பிஷப், ஒருவர் நிகழ்த்திய மறையுரைகளின் மொழிபெயர்ப்பு. ஆயிரத்தறுநூறு வருடத்துக்கு முந்தைய மனிதர். கையில் தாள் இல்லாமல் பேசுவாராம். சுருக்கெழுத்துக்காரர்கள் கீழே உட்கார்ந்து எழுதுவார்களாம். போதனையோடு, நடுவில் எழுந்து போனவர்களையும் வாயாடியவர்களையும் அவர் திட்டியதையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். ஞாயிறு வழிபாட்டில் அண்ணிக்குக் கடைசி பெஞ்சுதான். ஆனால் இந்த ஆயரைப் பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசுவார். "மனுஷன் இன்னிக்கு செம கோவம், தம்பி. பணக்காரங்களைப் பிடிச்சு உலுக்கிட்டாரு!"

சிக்கல் கடைசி மெய்ப்பில் வந்தது. புதிய பதிப்பாசிரியர் நல்லவர், நிறையப் படித்தவர். ஆயர் போதனையை நிறுத்திவிட்டுக் கூட்டத்தை அதட்டிய இடங்களையெல்லாம் வெட்டியிருந்தார். மறுநாள் அச்சு. ஏறினால் ஏறியதுதான். "அந்த சுருக்கெழுத்துக்காரங்க பேருகூட எங்கயும் இல்ல. அவங்க காதால கேட்டு எழுதினதையாவது விட்டு வைக்க வேணாமா?" என்று என்னிடம் பொருமிவிட்டு, அண்ணி பழைய மெய்ப்பும் கையுமாகப் பதிப்பாசிரியர் அறைக்குப் போனார். கோபத்தில் கண்ணாடியைக்கூட மாற்றவில்லை.

அட்டை மாதிரியைக் காட்டும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். அச்சுக்காரர்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

"அம்மா, உங்க வேலை பிழை பாக்குறதுதானே?" என்றார் பதிப்பாசிரியர்.

"ஆமா சார். அதான் பாத்தேன். நாப்பத்தொண்ணு இருக்கு."

"அதெல்லாம் போதனை இல்லையேம்மா. சந்தை இரைச்சல்."

"ஒரு பக்கம் வாசிக்கிறேன், கேளுங்க. அப்புறம் நீங்க சொல்றபடி."

வாசித்தார். தேவாலய வாசலில் குளிரில் நடுங்குகிறவனைத் தாண்டி உள்ளே வந்தவர்களிடம் ஆயர் பேசுகிறார்: "உன் பெட்டியில் பூச்சி தின்னும் போர்வைக்கு நீ சொந்தக்காரன் இல்லை. காவல்காரன். அதுவும் தூங்குகிற காவல்காரன். சொந்தக்காரன் வாசலில் நிற்கிறான்." அண்ணியின் குரலில் அதைக் கேட்டபோது எங்களை அறியாமல் கை தட்டினோம். பதிப்பாசிரியரும் தட்டினார்.

அண்ணி தலை நிமிரவில்லை. வெட்டப்பட்டிருந்த அடுத்த வரிக்குப் போனார்.

"கை தட்டுகிறீர்களா? கை இங்கே தட்டிக்கொண்டிருக்கிறது. போர்வை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது."

மேசையில் இரண்டு தட்டு.

பதிப்பாசிரியரின் கைகள் பாதியில் நின்றன. பேனாவை எடுத்தார். நாற்பத்தொரு இடத்திலும் 'இருக்கட்டும்' என்று அவரே எழுதினார். வெட்டியதை மீட்க எங்கள் தொழிலில் அந்த ஒரு சொல் போதும். என் அண்ணி என்று மார்தட்டிக்கொள்ள எனக்கும் அது போதும்.

போன மாதம் புத்தகம் வந்தது. முதல் பிரதியை என் கையாலேயே கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன். மொழிபெயர்த்தவர், பதிப்பித்தவர், அட்டை வரைந்தவர் எல்லோர் பெயரும் இருந்தது. அண்ணி பெயர் மட்டும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தி, "யார் பேர் வேணா போடட்டும். இது எங்க அண்ணி புஸ்தகம்!" என்று பலமாகக் கை தட்டினேன்.

அண்ணி எழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு வாசித்த பக்கத்தைத் தேடி எடுத்தார். 'கை தட்டுகிறீர்களா?' என்ற வரியின்மேல் விரலை வைத்து, புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.